கொடாட் கிண்ணங்களும் வன்னியின் கணினிகளும்

அறுவடைக் காலத்தில் வன்னியின் மல்லாவியில் ஒரே வயலில் மூன்று வெட்டு மெசின்கள் இறங்கலாம். நெல்லை ஏற்றிப்போக ஒரேயொரு உழவு இயந்திரம்தான் என்றால், இரண்டு மெசின்கள் வரம்போரம் நிற்கும். வாடகை மட்டும் மூன்றுக்கும் ஓடும். கணினிக் கொத்துகளிலும் இதுவே நடக்கிறது. பத்துக் கணினிகளைப் பூட்டினால் வேலை பத்து மடங்கு விரைவாக முடியும் என்று விலைப்பட்டியலை நம்பி வாங்குவோர் பலர்.

அது எவ்வளவு தவறான நம்பிக்கை என்பதை வானொலி வானியல் நன்றாகக் காட்டும். புனேக்கு வடக்கே கொடாட் கிராமத்தில் இருக்கிறது ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி. ஊட்டி மலைச்சரிவில் 530 மீற்றர் நீளத் தொலைநோக்கியை 1970இல் இயங்கவைத்த கோவிந்த் ஸ்வரூப்பின் அடுத்த பெரிய கனவு அது. 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், ஏறத்தாழ 25 கிலோமீற்றர் அகலப் பரப்பில். ஒவ்வொரு கிண்ணத்தின் சமிக்ஞையையும் மற்ற எல்லாவற்றோடும் பெருக்கிச் சராசரி எடுத்தால்தான் வானத்தின் படம் கிடைக்கும். 30 கிண்ணங்களுக்கு 435 சோடிகள். கிண்ணங்களை இரட்டித்தால் சோடிகள் ஏறத்தாழ நான்கு மடங்காகி 1,770 ஆகிவிடும்.

இந்தப் பெருக்கலைச் செய்வது கொரிலேற்றர். முன்பு அதற்கென்றே தனி மின்சுற்றுகளைச் செய்தார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவின் சுவின்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அடம் டெலர் என்ற ஆய்வு மாணவரும் கூட்டாளிகளும், சாதாரணக் கணினிக் கொத்தில் ஓடும் டிஃப்எக்ஸ் மென்பொருளை வெளியிட்டார்கள். அதைத் தொலைதூரத் தொலைநோக்கி வலையமைப்புகள் பல ஏற்றுக்கொண்டன. 2010இல் ஜயந்த ரோய் குழுவினர் ஜிஎம்ஆர்டிக்கும் மென்பொருள் கொரிலேற்றர் ஒன்றை விவரித்தார்கள். இன்று அங்கே 400 மெகாஹேர்ட்ஸ் அகல அலைவரிசை. அதற்கு ஒரு சமிக்ஞைக்கு வினாடிக்கு 80 கோடி மாதிரிகளாவது வேண்டும். கிண்ணத்துக்கு இரண்டு சமிக்ஞைகள் வீதம் அறுபதுக்கும் கணக்குப் பார்த்தால் 4,800 கோடி. வானம் காத்திருக்காது, கணினி பின்தங்கினால் தரவு போய்விடும்.

ஆகவேதான் இங்கே வேகத்தை அளப்பது பெரிய கலை. ஒரே கோப்பை இரண்டு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் தடவை வன்தட்டிலிருந்து படித்து மெதுவாக முடிந்த வேலை, இரண்டாம் தடவை பறக்கும். கணினி திடீரென்று கெட்டிக்காரன் ஆகிவிடவில்லை. கோப்பு நினைவகத்தில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது எண்ணை அறிக்கையில் எழுதுபவர் அறியாமலே பொய் சொல்கிறார். வன்தட்டிலிருந்து படிக்கும் வேகம், வலையமைப்பில் கடத்தும் வேகம், கணக்கிடும் வேகம் மூன்றையும் தனித்தனியே அளந்தால்தான், நெல் எங்கே தேங்குகிறது என்று தெரியும்.

இதைப் படிக்கக் கொடாட்டுக்குப் போகத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. டிஃப்எக்ஸின் மூலநிரல் திறந்தது; காசு கட்ட வேண்டியதில்லை. வானத்திலிருந்து வரும் சமிக்ஞை இரைச்சலைப் போலவே இருப்பதால், எழுமாறான எண்களை உருவாக்கியே பயிற்சியைத் தொடங்கலாம். போர் எத்தனையோ ஆண்டுகளைத் தின்ற மண்ணில், பிள்ளைகளின் கையில் விலை உயர்ந்த இயந்திரம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

மாலையில் பூட்டப்படும் கணினி ஆய்வுகூடம் ஒன்றை மாணவர்களுக்கு இரவில் திறந்துவிட்டால் போதும். ஒரு கணினியில் தொடங்கி இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டி, ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறிக்கட்டும். எட்டாவது கணினி எவ்வளவு நேரத்தைக் குறைத்தது, எத்தனை நிமிடம் சும்மா இருந்தது என்ற அந்தப் பதிவையே அடுத்த கொள்வனவுக் கோரிக்கையோடு பீடம் இணைத்து அனுப்பட்டும்.