தராசில் எரியும் எண்களைக் கவனியுங்கள்

எலக்ட்ரானிக் தராசு வந்தபின் எடைக்கல் தேய்ந்ததா என்ற பேச்சு நம் கடைகளில் குறைந்துவிட்டது. ஆனால் அதில் எரியும் சிவப்பு எண்களை எத்தனை பேர் கூர்ந்து பார்க்கிறோம்?

ஒவ்வொரு எண்ணும் ஏழு எல்.இ.டி. கோடுகள். அவற்றை எரியவைப்பது ஒரு சிறு சிப். மேக்ஸ் 7219 என்ற வகை, மூன்றே கம்பிகளில் சேதி வாங்கி எட்டு இலக்கங்களை மாற்றி மாற்றி எரிக்கும். வேகத்தில் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிப்பில் நடுக்கோட்டுக்கான இணைப்பு விட்டுப்போனால் எல்லா இலக்கத்திலும் நடுக்கோடு அணையும். 8 என்பது 0 ஆகிவிடும். தட்டு காலியாக இருக்கையில் 0.000 சரியாகவே தெரியும் என்பதுதான் ஆபத்து! 1.800 கிலோ பருப்பு 1.000 என்று காட்டும். நம் பக்கம் பழுதென்றால் நஷ்டம். வாடிக்கையாளர் பக்கம் பழுதென்றால் கெட்ட பெயர்.

பல தராசுகள் சுவிட்சுப் போட்டதும் எல்லாக் கோடுகளையும் ஒருமுறை எரித்துக் காட்டும். தினமும் அப்போது இரு பக்கமும் பாருங்கள். பழுதுக்கு ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். முத்திரையை உடைத்தால் மறுமுத்திரை இல்லாமல் எடை போடக்கூடாது. அதுவரை வியாபாரம் கெடும் என்பது உண்மையே. முத்திரையிட்ட மாற்றுத் தராசு ஒன்றை நம் சங்கம் வாங்கி வைத்து இரவல் தந்தால் என்ன?