பெற்றவளுக்கும் ஒரு துணை

சென்ற மாதம் இப்பகுதியில் சுவீகாரம் பற்றி எழுதியபோது பிள்ளையை ஏற்றுக்கொள்வோரைக் குறித்துப் பேசினோம். இம்மாதம் பிள்ளையைக் கொடுக்கும் நிலைக்கு ஆளாகும் தாயைக் குறித்துப் பேசுவோம். அதற்கு அமெரிக்க யூதரின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். யூதர் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். பிறந்த மண்ணை விட்டு வந்து, அயலார் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி, குடும்ப மானத்தைக் கண்ணெனக் காத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்த அச்சம் நம் இல்லங்களும் அறிந்ததே.

1916-ஆம் ஆண்டில், ரபி ஸ்டீபன் வைஸ் என்பாரின் மனைவியாரான லூயிஸ் அம்மையார், பெற்றோரற்ற யூதக் குழந்தைகளுக்கு வீடு தேடித் தருவதற்காக நியூயார்க்கில் ஒரு குழுவை நிறுவினார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கிய அந்நிலையம் 2004 வரை நடைபெற்றது. அநாதை விடுதிகளில் வாடிய குழந்தைகள் பலர் அதனால் குடும்பச் சுகம் கண்டனர் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. பிள்ளை வேண்டிக் காத்திருந்த யூதத் தம்பதியர் பலர். கிடைத்த யூதக் குழந்தைகளோ சிலரே. மணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்கு ஆதரவு தருகிறோம் என்றவர்களின் கண், அவளைவிட அவள் வயிற்றிலிருந்த குழந்தையின் மேல் பதியலாயிற்று.

அமெரிக்கப் பத்திரிகையாளர் காப்ரியேல் கிளேசர் 2021-இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் பேபி’ என்னும் நூல் இத்தகைய ஒரு பெண்ணின் கதையைக் கூறுகிறது. நாஜிகளுக்குத் தப்பி வந்த குடும்பத்தில் தோன்றியவள் அவள். பள்ளிப் பருவத்திலேயே காதலனால் கருவுற்றாள். ஸ்டேட்டன் தீவில் இருந்த ஒரு விடுதிக்கு அவளை அனுப்பி, ஊராருக்குத் தெரியாமல் மறைத்தனர். 1961-இல் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையை விட அவளுக்கு மனமில்லை; காதலனும் மணக்கச் சித்தமாயிருந்தான். ஆயினும் வயதும் பணமும் பெற்றோர் துணையும் இல்லாத அப்பெண்ணை அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கினர். பின்னர் அவ்விருவரும் மணந்து, வேறு குழந்தைகளையும் பெற்று வளர்த்தனர். மூத்த மகனை மட்டும் அவள் மறக்கவில்லை. 2018-இல், மரபணுச் சோதனையின் உதவியால், மகன் அன்னையைக் கண்டுபிடித்தான். அப்போது அவனுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. நேரில் சந்தித்த சில வாரங்களில் அவன் காலமானான்.

நாம் பணிபுரியும் ரயில்வேயில் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினாலும் ரசீது உண்டு. போய்ச் சேரவில்லையென்றால் கேட்டு எழுத வழியுண்டு. அந்தப் பெண்ணுக்கோ கேட்க ஓர் இடமும் இல்லை. ஏடுகளை முத்திரையிட்டு வைத்துவிட்டனர். இதே நிலையம் இரட்டைக் குழந்தைகளையும், ஒரே சூலில் பிறந்த மூவரையும் பிரித்து, ஓர் ஆராய்ச்சிக்காக வெவ்வேறு வீடுகளில் வளரவிட்டதும், அம்மூவரும் 1980-இல் தற்செயலாகச் சந்தித்ததும் உலகறிந்த செய்தி. அந்த ஆராய்ச்சிக் குறிப்புகள் யேல் பல்கலைக்கழகத்தில் 2065 வரை பூட்டப்பட்டிருக்கின்றன. இதைத் தர்மம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

இனி மத விஷயம். மணமாகாதவள் பெற்ற பிள்ளைக்கு யூத சமயத்தில் தீராத களங்கம் உண்டென்று பலர் நினைக்கின்றனர்; கருவுற்ற பெண்களே அவ்வாறு எண்ணிக் கலங்குவதுண்டு. அவர்களுடைய சாத்திரம் அப்படிச் சொல்லவில்லை. மணமான பெண் பிறனிடம் பெற்றதும், மணக்கக்கூடாத நெருங்கிய உறவில் பிறந்ததுமே விலக்குக்கு உரியவை. கன்னிப் பெண்ணின் பிள்ளைக்கு அத்தகைய விலக்கு இல்லை. தாய் யூதப் பெண்ணாயின் பிள்ளையும் யூதனே. பிறர் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்ப்பவரைப் பெற்றவருக்கு ஒப்பாக வைத்துப் பேசுகிறது தால்முத். ஆயினும் பெற்றோர் இன்னாரென்பது அடியோடு மறைந்துபோவதை அச்சமயத்தார் விரும்புவதில்லை; உடன்பிறந்தார் அறியாமல் மணந்துவிடக் கூடும் அல்லவா? ஆகவே உண்மையைக் குறித்து வைப்பது அங்கே சமயக் கடமையையும் ஒட்டியது.

இன்று அந்நாட்டில் போக்கு மாறியிருக்கிறது. யூதக் குடும்ப நல நிலையங்கள் பல நகரங்களில் உள்ளன. பிள்ளையை வளர்ப்பதா, கொடுப்பதா என்று தாய் தானே ஆலோசிக்க அவை இடமளிக்கின்றன. யூத இல்லமே வேண்டுமென்று அவள் கேட்கலாம். வளர்க்கப் போகும் தம்பதியரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். கடிதமும் படமும் பெற ஏற்பாடு செய்துகொள்ளலாம். நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு வெளியே சம்மதம் எழுதியவள் 45 நாட்களுக்குள் அதை மாற்றிக்கொள்ள முன்வரலாம். உடன்பாடு இல்லையேல் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். மாஸசூஸெட்ஸில் குழந்தை பிறந்த நான்காம் நாளுக்கு முன் கையெழுத்து வாங்குதல் கூடாது. வாங்கிய பின்னரோ மாற்றுதல் அரிது. மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபடுவதால், வளர்ப்போர் தரப்பைச் சேராத தனி வக்கீல் அவளுக்கு இருத்தல் நலம். சுவீகாரம் சென்றவர் 18 வயதில் தம் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறும் உரிமை நியூயார்க்கில் 2020 ஜனவரி 15-இல் நடைமுறைக்கு வந்தது. 1961-இல் பிறந்த அந்த மகன் அதற்கு முன்பே போய்விட்டான்.

நம் நாட்டு விதியையும் சகோதரிகள் அறிந்திருத்தல் வேண்டும். வெளியூரில் தனித்திருக்கும் பெண்களுக்கு இது மிகவும் தேவைப்படும். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையை வளர்க்க இயலாத தாய் அதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். முதலில் அவளுக்கு ஆலோசனை கூற வேண்டும். ஒப்படைத்த பின்னும் 60 நாட்கள் மறுபரிசீலனைக்கு உண்டு; அதற்குள் வந்து பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். ஆஸ்பத்திரி ஆயாவோ தரகரோ தெரிந்தவரோ “நல்ல இடம் இருக்கிறது” என்று கைமாற்றிவிடுவது சட்டவிரோதம். அவ்வழியில் போன பிள்ளையைப் பிறகு தேடுதலும் கடினம். குழுவின் இருப்பிடம் தெரியாதவர்கள் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம், கட்டணம் இல்லை.