வானம் வெளுப்பு, கடலோ கொந்தளிப்பு!

வானத்தில் மழைமேகம் இல்லை. கரையில் பலத்த காற்றும் இல்லை. ஆனால் கடல் மட்டும் பொங்கிக் கரையேறுகிறது! இது என்ன விந்தை?

2024-ம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில் குமரி, கேரளக் கரைகளைக் கலக்கியது இதுதான். மீனவர்கள் இதைக் "கள்ளக்கடல்" என்பார்கள். கள்ளனைப்போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். பருவமழைக்கு முந்தைய மாதங்களில்தான் இதன் நடமாட்டம் அதிகம்.

காரணம் நம் வானத்தில் இல்லை. வெகு தெற்கே, பெருங்கடலில் புயற்காற்று வீசுகிறது. அது எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து, சில நாட்களில் நம் கரையில் வந்து மோதுகின்றன.

முன்கூட்டி அறிய முடியாதா? முடியும். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னதாகவே எச்சரித்தது. ஆயினும் மே 6-ந் தேதி, குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், மருத்துவ மாணவ, மாணவியர் 5 பேரை அலை கொண்டுபோயிற்று.

கரையில் பிறந்தவர் கடலைப் பார்த்து ஒதுங்குகிறார். வெளியூரிலிருந்து வருகிறவர் வானத்தைப் பார்த்து ஏமாறுகிறார். ஆகவே, எச்சரிக்கை புறப்பட்டால் மட்டும் போதாது. மணலில் கால் வைக்கிறவர் காதில் அது விழவேண்டும்.