பெயர் மறந்த ஈ

ஈ ஒன்று தன் பெயரை மறந்துவிட்டது. எதிர்ப்பட்ட கன்றைக் கேட்டது, கன்று அறியாது. பசுவைக் கேட்டது, மேய்ப்பவனைக் கேட்டது, இவ்வாறே பலரையும் கேட்டுச் சென்றது. முடிவில் குதிரை கனைத்தது. அவ்வொலியில் ஈ தன் பெயரைக் கண்டுகொண்டது. ஒவ்வொருவரையும் வினவும்போது முன் வந்த பெயர்கள் யாவும் மீண்டும் அடுக்கப்படுவதே இக்கதையின் அழகு.

பேச்சு எளிதில் கைவராத குழந்தைக்கு இதனினும் நல்ல பாடத்தை வகுத்தல் அரிது என்பேன்.

காது நன்கு கேட்டும், அறிவிற் குறைவின்றியும், சொற்களைக் கற்பதிலும் தொடர் அமைப்பதிலும் இடர்ப்படும் குழந்தைகள் பலர் உளர். 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, பள்ளி புகும் குழந்தைகளுள் நூற்றுக்கு 7 பேர் அளவில் இத்தகையோர் எனக் கண்டது. இவர்களை மந்தர் என்றும் பிடிவாதக்காரர் என்றும் ஏசுவது அநீதி. பிற குழந்தைகள் சிலமுறை கேட்டுப் பற்றிக்கொள்ளும் சொல்லை இவர்கள் பன்முறை கேட்டல் வேண்டும். அன்றாடப் பேச்சில் ஒரே சொல் அத்தனை முறை வருவதில்லை. ஈயின் கதையில் வருகிறது, சலிப்பூட்டாமலும் வருகிறது. அடுத்து வருவது இன்னதென்று குழந்தை அறியுமாதலின், சொல்பவர் இடையில் நிறுத்தினால் தானே நிரப்ப முயலும்.

நிறுத்துவதில்தான் சொல்பவரின் திறம் இருக்கிறது. பலர் நிறுத்துவதில்லை, நிறுத்தினாலும் பொறுப்பதில்லை. குழந்தை ‘துதிரை’ என்றால், ‘குதிரை என்று திருத்திச் சொல்’ என வற்புறுத்துகின்றனர். குழந்தை கதையையே வெறுத்துவிடுகிறது. ‘ஆம், குதிரை, பெரிய குதிரை’ என்று கூறி மேலே செல்லலாகாதா?

வீட்டில் ஆங்கிலம் ஒன்றையே பேசினால் குழப்பம் தீரும் என அறிவுரை கூறுவாரும் உளர். இருமொழி கேட்பதால் இக்குறை உண்டாவதில்லை. அவ்வறிவுரை பாட்டியின் வாயைக் கட்டுவதொன்றே செய்யும்.

கதை மருத்துவத்திற்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. இரண்டு வயது நிரம்பியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையின் செவிப்புலனை முதலில் ஆராய்தல் வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரை நாடுதலும் வேண்டும். இத்தகைய பயிற்சியாளரை உருவாக்கும் அனைத்திந்திய நிறுவனம் ஒன்று மைசூரில் 1965இல் தோன்றியது. ஆயினும் பயிற்சியாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டாருடையது.

பாட்டி இல்லாத வீட்டில் அண்ணனோ அக்காளோ சொல்லலாம். இக்கதைக்கு நூல் வேண்டுவதில்லை. உறக்கம் முந்திக்கொண்டால் கன்றோடு நிறுத்திவிட்டு, மறுநாள் முதலிலிருந்தே தொடங்கலாம்.