சுன்னாகத்துக் கிணறுகளும் நமது மௌனமும்



"சுன்னாகம் முடிந்துபோன கதை, சுவாமி, வழக்கில் வென்றாயிற்று, நட்டஈடும் விதித்தாயிற்று" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். "கோவிலுக்கு எதற்கு இந்த அரசியல்?" என்று கேட்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

முதலில் நமது நிலத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நாம் குடித்து வளர்ந்ததும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்ததும் அந்த மெல்லிய நன்னீரைத்தான். அந்தக் கல்லுக்குள் வேலி கிடையாது. ஒரு வளவில் ஊற்றிய கழிவு அடுத்த வளவின் கிணற்றுக்குச் செல்ல யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.

சுன்னாகம் மின்நிலைய வளாகத்தின் கழிவு ஒயில் இறங்கியது அந்தக் கல்லுக்குள்தான். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இன் பிற்பகுதியிலிருந்து 2014 இன் நடுப்பகுதி வரை அப்பகுதியின் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 இல் எண்ணெய்ப் பொருள்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தன. மக்கள் தெருவில் இறங்கினார்கள். பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடங்களுடன் காத்து நின்றார்கள். நம்மவர் வாக்களித்து அமைத்த வடக்கு மாகாண சபையோ ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அபாயகரமான எண்ணெய் மாசு இல்லை என்று அக்குழு அறிக்கை தந்தது. வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு அளிக்கப்பட்ட பதில் இது.

உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் யார் தெரியுமா? ரவீந்திர காரியவசம் என்னும் சிங்களச் சூழலியலாளர். 2015 இல் அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவையும் சுமக்க வேண்டும் என்ற நெறியின்படி, நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்துமாறு நீதிமன்றம் பணித்தது. நல்ல சமாரியர் உவமையை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்! காயம்பட்டவருக்கு அயலார் யார் என்று ஆண்டவர் கேட்ட கேள்விக்கு, நமது ஊரின் கிணற்றடியில் கிடைத்த விடை இதுதான். அந்த உவமையில் முதலில் விலகிப் போனவர் ஒரு குரு என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, வென்றாயிற்று. வென்றது என்ன? குறைந்தது 500 பேருக்கு, ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். நம்மில் சிலர் பிள்ளையின் முதல் நன்மை விருந்துக்கு வாங்கும் கேக்கின் விலை ஏறக்குறைய அவ்வளவு. அந்தத் தொகையால் ஒரு கிணற்றை இறைத்துக் கழுவலாம். கல்லின் வெடிப்புக்குள் படிந்த எண்ணெயைக் கழுவ முடியுமா? தீர்ப்பு பொறுப்பாளி யார் என்று சொன்னது. தண்ணீரைச் சுத்தமாக்குவது வேறு வேலை.

"தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், இனிக் கிணறு எதற்கு?" என்பது இன்னொரு வாதம். 2024 இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் நல்லதுதான். ஆனால் குழாய்நீரை வைத்து யாரும் தோட்டம் செய்வதில்லை. கிணற்றைக் கைவிட்ட நாளிலிருந்து அதன் தூய்மையைக் கேட்கவும் ஆளிருக்காது. மாசுபடுத்துபவனுக்கு அதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலத்தடி நீரில் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றும் இருக்கிறது. நாம் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடிவீடுகள் சிலவற்றில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி? மின்நிலையத்தை நோக்கி நீட்டும் விரலை நமது வளவை நோக்கியும் நீட்டாவிட்டால் நமது வாதத்துக்கு வலுவில்லை.

அரசியல் என்றீர்கள். தொடக்கநூலின் 26ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணால் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே மறுபடியும் இட்டார். கிணற்றுக்காகப் பேசுவது அரசியல் என்றால் ஈசாக்கும் அரசியல்வாதிதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில் தூய குடிநீரை அடிப்படை மனித உரிமை என்றே எழுதினார்.

ஆலயக் கோபுரத்துக்கும் பெருவிழா மின்விளக்குக்கும் தயங்காமல் கொடுக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் இந்த முறை நான் பணம் கேட்கவில்லை. சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, உடுவில் பக்கத்தில் உங்கள் சகோதரர் யாரேனும் இருந்தால் அவர்களோடு பேசுங்கள். தங்கள் கிணற்று நீரைச் சோதிப்பிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எந்தக் கிணறுகள் எப்போது சோதிக்கப்பட்டன, முடிவுகள் என்ன என்று 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர் வழங்கல் சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இலங்கைக் குடியுரிமையை வைத்திருப்பவர்கள் நீங்களே கேட்கலாம். விண்ணப்பத்தின் மாதிரியை ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தில், தேநீர் மேசைக்கு அருகில் வைத்திருப்பேன்.