நம்மைச் சொன்னால் மட்டும் வலிக்குமா? வேதாளர் காமிக்ஸ் காட்டும் நிற அரசியல்

பழைய காமிக்ஸ்களுக்கு இப்போது செம கிராக்கி. தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளின் பரணில்கூட ஒரு கட்டு ‘இந்திரஜால் காமிக்ஸ்’ இருக்கலாம். குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன், படங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

அப்படி என்ன இருக்கு?

லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய அமெரிக்க ஹீரோ ஃபேன்டம்தான் நம்ம ஊர் வேதாளர். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் தொடங்கிய இந்திரஜாலின் முதல் இதழே இவர் கதைதான்.

நடுவில் முகமூடி போட்ட வெள்ளைக்காரர். சுற்றிலும் ஈட்டியோடு, அவரைப் பார்த்து மிரளும் கறுப்பின மக்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டுக்கு நீதி சொல்வது ஒரே வெள்ளைக் குடும்பம்.

ஃபாக்கின் இன்னொரு ஹீரோ மாண்ட்ரேக். அவருடைய துணையான லோதர் ஆப்பிரிக்க இளவரசர். ஆனால், பல ஆண்டுகள் சிறுத்தைத் தோல் உடுத்திய வேலையாள்போலவே வரையப்பட்டார். 1960-களின் நடுவில்தான் அது மாறியது.

இந்தியப் பதிப்பில் எதை மாற்றினார்கள்?

இங்கேதான் ட்விஸ்ட். ஒரிஜினலில் வேதாளரின் நாடு ‘பெங்கல்லா’. கேட்டால் ‘பெங்கால்’ நினைவுக்கு வரும். அவருடைய பரம எதிரிகள் ‘சிங்’ கடற்கொள்ளையர்கள். இந்திரஜாலில் நாடு ‘டெங்காலி’ ஆனது. ‘சிங்’ என்பது ‘சிங்கா’ ஆனது.

அதாவது, பெயர் நம்மைத் தொட்டதும் பேனா எடுத்தோம். ஆப்பிரிக்கர்களின் சித்திரிப்பு அப்படியே அச்சேறியது.

பழைய கதைதானே, இப்போ எதுக்கு?

நேரில் ஒரு ஆப்பிரிக்கரைப் பார்ப்பதற்கு முன்பே, நம்மில் பலர் ‘ஆப்பிரிக்கா’வைப் பார்த்தது இந்தப் பக்கங்களில்தான். காடு, ஈட்டி, மூடநம்பிக்கை. அந்தப் பிம்பத்துக்கும் நிஜத்தில் விலை உண்டு. 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் கும்பலால் தாக்கப்பட்டபோது, அவர்கள் மனித மாமிசம் தின்றதாக வதந்தி பரவியிருந்தது. காமிக்ஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்த வதந்தியைச் சட்டென நம்பவைக்கும் படம் மனசில் ஏற்கெனவே இருந்தது.

தென்சென்னைப் புறநகர்ப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். மின்சார ரயிலில் பக்கத்து சீட்டில் அவர்கள் உட்காரும்போது நாம் பார்க்கும் பார்வையும் இதில் அடக்கம்.

அப்போ தூக்கிப் போடணுமா?

தேவையில்லை. பழைய சில படங்களில் தவறான இனச் சித்திரிப்பு இருப்பதாக 2020-ல் டிஸ்னி ப்ளஸ் விரிவான எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. மறுபதிப்புகளின் முதல் பக்கத்திலும் அப்படி நாலு வரி போடலாம். வீட்டில் என்றால் இன்னும் சுலபம்: ‘இந்தக் காட்டுக்கு ராஜா ஏன் அந்த ஊர்க்காரர் இல்லை?’ என்று குழந்தையிடம் கேட்டாலே போதும்.