மேஸ்திரி போதும் என்போருக்கு

என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் மேனிலைத் தேர்வில் கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றான். கட்டடக் கலை பயில விரும்பினான். அவன் தந்தையார் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், வீட்டுக்குப் பிளான் போட ஐந்து வருஷப் படிப்பா? மேஸ்திரி போதாதா? நீங்களாவது பையனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார். புத்தி சொல்ல வேண்டியது யாருக்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மேஸ்திரியை நான் குறைத்துப் பேசவில்லை; அவர் கைத்திறன் பெரிது. ஆனால் அவரை மட்டும் நம்பிக் கட்டிய பள்ளிவாசல் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குத்பா ஓதி வருபவன் நான். அங்கே முன்பு கல்தூண் பள்ளி ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுச் சுவரை நேர் மேற்கு நோக்கி எழுப்பினார்கள். கிப்லாவோ நேர் மேற்கிலிருந்து வடக்கே, சென்னையில் சுமார் 18 பாகையும், கீழக்கரையில் 22 பாகைக்குச் சற்று மேலும் விலகியிருக்கிறது. இன்று எங்கள் ஸஃபுகள் சுவருக்குக் கோணலாக ஓடுகின்றன. மூலைதோறும் முக்கோணமாக இடம் வீணாகிறது. குப்பாவின் குழிவில் என் குரல் சுழன்று திரும்புவதால் நான்காம் ஸஃபில் இருப்பவருக்குக் குத்பா விளங்குவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் விளங்காமையும் கூடுகிறது! லுஹர் வேளையில் தளம் தகிக்க, மின்விசிறி வெந்த காற்றைத் தலையில் கொட்டுகிறது. கம்பியைப் போதிய கனத்தில் கான்கிரீட் மூடவில்லை. கடற்காற்றின் உப்பு உள்ளே புக, துரு பருத்துக் காரையைப் பிளக்கிறது. கட்டி முப்பதாண்டும் ஆகவில்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கல் பள்ளிகளைப் பாருங்கள். இந்நாட்டுச் சிற்பியின் உளியே அத்தூண்களைச் செதுக்கிற்று. உருவங்களை விலக்கிப் பூவும் கொடியும் கொண்டது. மேலே குப்பா இல்லை என்பதற்காக அவற்றைப் பள்ளியல்ல என்று சொன்னவர் உண்டா? அப்பள்ளிகளை ஆராய்ந்து, படம் வரைந்து, 2003-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கியவர் மெஹர்தாத் ஷொகூஹி என்னும் இங்கிலாந்துப் பல்கலைக்கழக அறிஞர். நம் முற்றத்தில் அளவுநாடா பிடிக்கக் கடல் கடந்து ஆள் வர வேண்டியிருந்தது.

இந்த இல்ம் நமக்குப் புதிதன்று. வடிவ கணிதத்துக்கு அரபியில் ஹந்தஸா என்று பெயர், பொறியாளன் முஹந்திஸ். தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் யூக்ளிடும் இருந்தார். அவரை நாம்தான் வழியனுப்பினோம். மிஃமார் ஸினான் எதிர்னே நகரில் 1575-இல் முடித்த ஸலீமிய்யாப் பள்ளியின் குப்பாவை நாட்காட்டிப் படத்தில் பார்த்துச் சிமெண்டில் நகலெடுக்கிறோம். அதன் பாரத்தை எட்டுத் தூண்களில் அவர் எவ்வாறு இறக்கினார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஐந்தாண்டில் என்ன கற்பிக்கிறார்கள்? பிளான் போடுவது அதில் ஒரு பங்கே. எம்மாதத்து வெயில் எச்சுவரில் விழும், காற்று எங்கே புகுந்து எங்கே வெளியேறும், ஒலி எதில் பட்டு மீளும், சுண்ணாம்பும் செங்கல்லும் கான்கிரீட்டும் எவ்வாறு மூப்படையும் என்பனவெல்லாம் அதில் அடங்கும். பெண்மக்களையும் அனுப்புங்கள், மாடிப்படிக்கு அடியில் பெண்களுக்குத் தொழுமிடம் ஒதுக்கும் வழக்கம் அப்போதாவது ஒழியட்டும்.

இதெல்லாம் இஸ்ராஃப், வீண்விரயம் என்பார் சிலர். ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது விரயமா, ஒரு தலைமுறைக்கொருமுறை இடித்துக் கட்டுவது விரயமா?

எங்கள் ஜமாஅத்தில் இப்போது இரண்டாவது மினாராவுக்கு வசூல் நடக்கிறது. மினாராவுக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடலாகாது என்பதை நான் அறிவேன். ஆகவே அம்மாணவனின் கட்டணத்துக்கென்று தனி ரசீதுப் புத்தகம் அச்சிடுமாறு முத்தவல்லி அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் ரசீதை என் பெயருக்குப் போடலாம்.